பினாங்கில் வராத கறுப்பு

சிதம்பரம் என்று பலகை மாட்டிய பஸ் சிதம்பரத்துக்குள் போகும் என்று நம்பி ஏறினேன். கடலூரில் யாரும் என்னைத் தடுக்கவில்லை. கண்டக்டர் விசில் ஊதி, நெடுஞ்சாலையில் ஒரு மேம்பாலத்தின் அருகே என்னையும் என் பெட்டியையும் இறக்கிவிட்டார். சுற்றிலும் வயல், கட்டி முடிக்காத ஒரு கல்யாண மண்டபம், வெயில். ஊர் என்று சொல்லும்படி ஒன்றும் கண்ணில் படவில்லை.

"ஊரு எங்கங்க?" என்று கேட்டேன்.

"அதோ, அந்தப் பக்கம். இது பைபாஸ் வண்டிம்மா. உள்ள போவாது."

"ஏறும்போதே சொல்லக்கூடாதா?"

"எல்லாருக்கும் தெரியும்மா" என்று சொல்லிவிட்டு அவர் கதவை அடித்தார். பஸ் போய்விட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பினாங்கிலும் பஸ் தாமதமாக வரும், வராமலே கூடப் போகும். ஆனால் வந்த பஸ், பலகையில் இருக்கும் ஊருக்குப் போய்ச் சேரும்.

மே மாத வெயிலில் துப்பட்டாவை முக்காடாகப் போட்டுக்கொண்டு நான் பார்க்க வந்த ஷமீமாவுக்குப் போன் செய்தேன். "அய்யோ மேடம், பைபாஸ்லயா எறக்கி உட்டாங்க? அங்கயே நில்லுங்க, தோ வந்துடுறேன்" என்றாள். சொன்ன சூட்டோடு ஸ்கூட்டரில் வந்தாள். மெலிந்த பெண். கறுப்பு புர்கா, கையில் எனக்காக ஒரு மோர் பாக்கெட். என் பெட்டியைக் காலடியில் வைத்து, முழங்காலால் அணைத்துக்கொண்டு ஓட்டினாள். "கெட்டியா புடிச்சிக்குங்க, ரோடு கொஞ்சம் மோசம்" என்று எச்சரித்தாள். கொஞ்சம் இல்லை.

நான் எதற்காக வந்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பினாங்கில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. தமிழ்நாட்டில் எனக்குச் சொந்தம் யாரும் கிடையாது. இருந்தாலும் தேடிக்கொண்டு அலைய எனக்குப் பொறுமை கிடையாது. என்னை இங்கே அனுப்பியது ஒரு கறுப்புப் பொடி.

இரும்பும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் துரு என்றுதான் நமக்குத் தெரியும். பக்குவமாகச் சேர்ந்தால் துருவுக்குப் பதில் கறுப்பாக ஒரு பொடி வரும். ஒவ்வொரு துகளும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, நானோ என்கிறார்கள். அது காந்தத்துக்குக் கட்டுப்படும். சாயத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். பாத்திரத்தின் வெளியே ஒரு காந்தத்தை வைத்தால் சாயமும் பொடியும் சேர்ந்து ஓரமாக ஒதுங்கும், தண்ணீரை மட்டும் சாய்த்து ஊற்றிக்கொள்ளலாம். இந்தப் பொடியைச் செய்யப் பல வழிகள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் விலை உயர்ந்த ரசாயனம் வேண்டும். ஷமீமா எழுதிய ஆய்வுக் கட்டுரையிலோ உப்புத் தண்ணீரும் இரண்டு இரும்புத் தட்டும் கரண்டும் போதும். ஒரு தட்டு கரைந்து, தண்ணீரிலேயே கறுப்புப் பொடியாகிவிடும்.

படித்ததும் எங்கள் பாஸ் துள்ளிக் குதித்தார். சிதம்பரத்துக்கு வெளியே இருக்கும் ஒரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் அந்தப் பெண்ணை, பட்டம் வாங்கியதும் பினாங்குக்கு வேலைக்கு வரும்படி எழுதினார். பிறகு நாங்கள் அதை எங்கள் ஆய்வகத்தில் செய்து பார்த்தோம். பழுப்பாக வந்தது. மறுபடியும் செய்தோம். மறுபடியும் பழுப்பு, வெறும் துரு. காந்தத்தைக் காட்டினால் அசையவே இல்லை.

பாஸ் என்னை ஒரு நாள் வராந்தாவில் ஓரமாக அழைத்து, ஆங்கிலத்தில் தணிந்த குரலில் சொன்னார்: "செய்முறையைக் கற்றுக்கொள்ள வருகிறேன் என்று அவளிடம் சொல். ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொள். அந்தப் பொடி தட்டிலிருந்து வந்ததா, கடையிலிருந்து வந்ததா என்று எனக்குத் தெரியவேண்டும்." கடையில் வாங்கியது என்று தெரிந்தால் வேலைக் கடிதம் வராது. அதோடு நிற்காது, கட்டுரையை வெளியிட்ட இதழுக்கும் அவர் எழுதுவார். கட்டுரை போனால் பட்டமும் போகும்.

ஒருத்தர் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டே, அவர் கள்ளத்தனம் செய்கிறாரா என்று வேவு பார்க்கும் வேலை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் ஆய்வகத்துக்குப் போனோம். எங்கள் ஊரில் ஆய்வகம் என்றால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்காரும் இடம். இங்கே ஜன்னல்கள் விரியத் திறந்திருந்தன. மின்விசிறி சுற்றியது, காற்று மட்டும் வரவில்லை. மேசைமேல் ஒரு கண்ணாடித் தொட்டி, வீட்டில் மீன் வளர்ப்பார்களே, அந்த அளவு. அதில் உப்புத் தண்ணீர். உள்ளே எதிரும் புதிருமாக இரண்டு இரும்புத் தட்டுகள். கரண்ட் கொடுக்கும் பெட்டியிலிருந்து இரண்டு வயர்கள், ஒன்றின் முனையில் சிவப்புக் க்ளிப், மற்றதில் கறுப்பு. சிவப்பு மாட்டிய தட்டு கரையும், கறுப்பு மாட்டிய தட்டில் குமிழி வரும். இவ்வளவுதான் கருவி.

நான் என் போனை ஒரு பெட்டிமேல் சாய்த்து வைத்து வீடியோ ஓடவிட்டேன். ஷமீமா ஒரு நொடி அதைப் பார்த்தாள். தட்டுகளைத் தேய்த்துக் கழுவினாள், உப்பை எடை போட்டாள், சுவிட்சைத் தட்டினாள். என் கண் அவள் கைகளை விட்டு நகரவில்லை. புர்காவின் கை அகலமாக இருந்தது. அதற்குள் பொட்டலம் எதையாவது மறைக்க முடியுமா என்றுகூட யோசித்தேன். எவ்வளவு கேவலமான யோசனை!

மதியம் அவள் சுவிட்சை அணைத்தாள். "லுஹர் தொழுதுட்டு வந்துடுறேன் மேடம். ஆளு இல்லாம கரண்ட்ட ஓட உடமாட்டோம். போன வருஷம் கரண்ட் போயிட்டு ஜாஸ்தியா வந்து, ஒரு பெட்டியே புகைஞ்சிடுச்சு. நீங்க அதுக்குள்ள சாப்ட்டுட்டு வந்துடுங்க. கோயில் பக்கம் ஒரு கடை இருக்கு, கொத்சு நல்லா இருக்கும்."

அவள் இல்லாத நேரத்தில் பூட்டிய அறையில் என்ன நடந்துவிடப்போகிறது என்று நானும் கிளம்பினேன். போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது, அதையும் கையோடு எடுத்துக்கொண்டேன். ஆட்டோ பிடித்துப் போய் சம்பா சாதமும் கொத்சும் சாப்பிட்டேன். சுட்ட கத்தரிக்காயை மசித்துப் புளிவிட்டுச் செய்திருந்தார்கள். மிளகு காரம் சாதத்தில், புளிப்பு கொத்சில். எங்கள் ஊர் நாசி கண்டாரில் பத்துக் குழம்பை ஒரே தட்டில் கொட்டி வாங்கிச் சாப்பிட்டே வளர்ந்தவள் நான். இவ்வளவு அடக்கமான ஒரு சாப்பாட்டுக்கு இவ்வளவு ருசி இருக்கும் என்று நினைக்கவில்லை. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேன். திரும்பும்போது ஆட்டோ ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. ஒரு ரயில் போனது, கேட் திறக்கவில்லை, எதிர்த்திசையில் இன்னொன்று போனது. ஆட்டோக்காரர் அதற்குள் தன் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்த கதை முழுவதையும் சொல்லிவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது தொட்டியில் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் கரும்பச்சையாக மாறியிருந்தது. சாயங்காலம் அசர் தொழுகைக்கு அவள் மறுபடி அணைத்துவிட்டுப் போனாள், நான் டீயும் சமோசாவும் தேடிப் போனேன். வந்து பார்த்தால் தொட்டி முழுக்க மை ஊற்றியதுபோல் கறுப்பு!

ஷமீமா ஒரு காந்தத்தைத் தொட்டியின் வெளிப்பக்கம் வைத்தாள். கறுப்பு அப்படியே சரிந்து காந்தத்தின் பக்கம் வந்து ஒட்டிக்கொண்டு நின்றது. காந்தத்தை மெல்ல நகர்த்தினாள், அதுவும் கூடவே நகர்ந்தது. எனக்குச் சின்னப்பிள்ளைபோல் சந்தோஷம் வந்துவிட்டது. "எங்க ஊர்ல ஒரு தடவகூட இப்படி வரலம்மா!" என்று கத்திவிட்டேன். டீக்கடையில் சார்ஜ் ஏற்றியிருந்த போனில் படம் எடுத்து பாஸுக்கு அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது. "நன்றாக இருக்கிறது. அளவுக்கு மீறி நன்றாக இருக்கிறது. நீ மதியம் சாப்பிடப் போயிருப்பாயே? நாளைக்கு நீயே செய். அவள் அறைக்குள் இருக்கக்கூடாது."

அந்த மனிதர் என்னை நன்றாக அறிந்துவைத்திருக்கிறார்.

மறுநாள் ஷமீமாவிடம், "நானே ஒரு தடவ செஞ்சு பழகிக்கிறேனே" என்றேன். சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கட்டுரையில் இருந்தபடியே வரிக்கு வரி செய்தேன். அதே உப்பு, அதே தண்ணீர், அதே தட்டு, அதே வெயில். இடையில் எழுந்திருக்கவில்லை, கரண்டை நிறுத்தவும் இல்லை. தொட்டி முதலில் பச்சையானது. பிறகு பச்சையின் ஓரம் மஞ்சளித்தது. கடைசியில் பழுப்பு. பினாங்கில் வந்த அதே பாழாய்ப்போன பழுப்பு.

ஷமீமா உள்ளே வந்து பார்த்தாள். காந்தத்தை வைத்துப் பார்த்தாள். எதுவும் அசையவில்லை. அவள் முகம் சுண்டிப்போனது.

"நேத்து எங்கேந்து வந்துச்சு?" என்று கேட்டேன். கேட்ட தொனி எனக்கே பிடிக்கவில்லை.

"அதே தொட்டிலேந்துதான் மேடம். நீங்க பாத்தீங்களே."

"நான் பாத்த வரைக்கும் பாத்தேன்."

அவள் காந்தத்தைத் துடைத்து மேசைமேல் வைத்தாள். பிறகு, "நாளைக்கு ஞாயித்துக்கெழம. வீட்டுக்கு வரேன்னு சொல்லியிருந்தீங்க. அம்மா கறிக்குச் சொல்லிட்டாங்க" என்றாள். வரவில்லை என்று சொல்ல வாய் எழவில்லை.

அவள் வீடு மங்கலம்பேட்டையில், விருத்தாசலத்தைத் தாண்டிப் போகவேண்டும். இருவரும் சேர்ந்தே கிளம்பினோம். இந்தத் தடவை ஏறும்போதே கண்டக்டரிடம் மூன்று முறை கேட்டுக்கொண்டேன். பஸ் சரியான பஸ்தான். பாதி வழியில் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கிப் புளியமர நிழலில் ஒதுங்கினோம். என் பக்கத்தில் நின்ற ஒருவர் போனில் உரக்கப் பேசினார்: "மச்சான், விருத்தாசலம் தாண்டிட்டேன்டா. தோ, வந்துக்கிட்டே இருக்கேன்." விருத்தாசலம் இன்னும் வெகுதூரம். அவர் காலடியில் எங்கள் பஸ்ஸின் சக்கரம் கழன்று கிடந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். இப்படி அவிழ்த்துவிடும் பொய்யைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வருவதில்லை. நான் ஷமீமாவைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

அவளுடைய அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுகிறாள். அத்தா சவுதியில் லாரி ஓட்டிவிட்டு வந்து, இப்போது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். வாசலிலேயே நின்றிருந்தார். "வாம்மா, வாம்மா. பஞ்சராயிடுச்சாமே! அந்த வண்டி என்னிக்கு ஒழுங்கா வந்துருக்கு?" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். அம்மா உள்ளேயிருந்து, "மொதல்ல தண்ணி குடுங்க, அப்புறம் பேசுங்க" என்றார்.

பிரியாணி, தால்ச்சா, கத்தரிக்காய், வெங்காயத் தயிர். சோறு உதிரி உதிரியாக இருந்தது. "இன்னும் கொஞ்சம் வச்சிக்குங்க, பினாங்குக்காரவுங்க இவ்வளவுதானா சாப்புடுவாங்க?" என்று அம்மா கறித்துண்டாகப் பொறுக்கிப் பொறுக்கி என் தட்டில் வைத்தார். வேறு நாளாக இருந்தால் வெட்கப்படாமல் ஒரு கை பார்த்திருப்பேன். அன்று ஒவ்வொரு கவளத்தையும் தண்ணீர் குடித்து இறக்கவேண்டியிருந்தது.

அத்தா ஒவ்வொன்றாகக் கேட்டார். பினாங்கில் மழை எப்படி? பள்ளிவாசல் பக்கத்தில் இருக்குமா? பெண்பிள்ளை தனியாக வெளியே போய்வரலாமா? நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அவள் அங்கே வரமாட்டாள் என்று என் மனதில் ஏறக்குறைய முடிவாகியிருந்தது, இருந்தும் சொன்னேன்.

"அஞ்சு வருஷமா அந்தத் தண்ணித் தொட்டியத்தான் பாத்துக்கிட்டுக் கெடக்குது" என்றார் அத்தா. "வெள்ளிக்கெழம போன் பண்ணுவேன். சில நாளு 'கறுப்பா வந்துச்சுத்தா'ன்னு சொல்லும். சில நாளு பேசவே பேசாது, வரலன்னு தெரிஞ்சிக்குவோம். எங்களுக்கு அதுல என்னா புரியுது? கறுப்பா வந்தா எங்களுக்கும் சந்தோஷம். தெருவுல எல்லாரும் புள்ள செவப்பா பொறக்கணும்னு துவா செய்வாங்க. நானும் இவளும் கறுப்பா வரணும்னு துவா செய்யிறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கை கழுவுகிறேன் என்று கொல்லைப்பக்கம் எழுந்து போனேன். குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். சில நாள் வரவில்லை என்று வீட்டில் ஒளிக்காமல் இருக்கிறாளே, கள்ளத்தனம் செய்கிறவள் அப்படி இருப்பாளா? ஒரு கடையில் ஒரு பொட்டலம் வாங்கினால் தினமும் கறுப்பு வருமே! அங்கே நின்றபடியே, அறிக்கை எழுதுவதை இன்னொரு நாள் தள்ளிப்போடலாம் என்று முடிவு செய்தேன்.

அன்று இரவு அங்கேயே தங்கிவிட்டு, திங்கட்கிழமை திரும்பியதும் மறுபடி அவளையே செய்யச் சொன்னேன். நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தொட்டியின் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். சாப்பிடவும் போகப்போவதில்லை, டீக்கும் போகப்போவதில்லை, கேட் விழுந்தாலும் விழாவிட்டாலும் எனக்குக் கவலையில்லை. லுஹருக்கு அவள் வழக்கம்போல் சுவிட்சை அணைத்து, க்ளிப்புகளைக் கழற்றித் தொட்டி ஓரத்தில் போட்டுவிட்டுப் போனாள். பசி வயிற்றைக் கிள்ளியது. நான் அசையவில்லை.

அவள் திரும்பி வந்தாள். தொழுகைக்காக ஒளூ செய்து கழுவிய ஈரம் முகத்தில் இன்னும் இருந்தது. ஒரு கையால் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே மறு கையால் க்ளிப்புகளை மாட்டினாள்.

"நில்லு!" என்று அலறினேன்.

அவள் பயந்து கையை எடுத்துவிட்டாள். "என்ன மேடம்? ஷாக்கெல்லாம் அடிக்காது."

"காலையில செவப்பு இந்தத் தட்டுல இருந்துச்சு. இப்ப அந்தத் தட்டுல மாட்டுற!"

"ஆமா."

"ஏன்?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "ஒரே தட்டையா தேய்க்கிறது? அது சல்லடையாப் போயிடும், இது புதுசாவே இருக்கும். எப்படியும் கழட்டி மாட்டுறோம், மாத்தி மாட்டுனா ரெண்டும் சமமா தேயும். ரொம்ப நாளைக்கு வரும்."

"எத்தன நாளா இப்படி மாத்துற?"

"எப்பவுமே அப்படித்தான் மேடம். லுஹருக்கு ஒருவாட்டி, அசருக்கு ஒருவாட்டி."

"கட்டுரையில ஏன் எழுதல?"

"இத எழுதணுமா?" அவள் உண்மையாகவே கேட்டாள். "தட்டக் கழுவுன பிறகு கையத் தொடைச்சேன்னு எழுதுவோமா?"

நான் ஸ்டூலில் இருந்து எழுந்து, அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு தொட்டியைப் பார்த்தாள், கையிலிருந்த க்ளிப்பைப் பார்த்தாள். "யா அல்லா" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தொட்டிகள் வைத்தோம். ஒரே குடத்துத் தண்ணீர், ஒரே உப்பு. இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுத்தி, ஒரே நேரத்தில் ஓடவிட்டோம். ஒன்றில் மட்டும் க்ளிப்பை மாற்றினோம். மாற்றாத தொட்டி பழுத்தது, மாற்றிய தொட்டி கறுத்தது. காரணம் இதுவாக இருக்கலாம் என்று இருவரும் ஊகித்தோம்: ஒரே தட்டு ஓயாமல் கரைந்தால் அதன்மேல் ஒரு மெல்லிய தோல் படிந்துவிடுகிறது. பிறகு இரும்பு குறைவாகத்தான் வெளியே வரும், வந்த கொஞ்சத்தையும் காற்று பிடித்துத் துருவாக்கிவிடும். திசையை மாற்றினால் தோல் உரிந்து, இரும்பு தாராளமாக வருகிறது. சரியான காரணத்தை இனிமேல்தான் சோதித்துப் பார்க்கவேண்டும். ஆனால் அவள் பொய் சொல்லவில்லை என்பதற்கு அந்த இரண்டு தொட்டிகளும் போதும்.

சில நாள் அவளுக்கே கறுப்பு வராமல் போனதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. மாதவிலக்கு வந்து தொழுகை இல்லாத நாட்களில் அவள் இடையில் எழுந்து போவதில்லை. கரண்டை நிறுத்துவதில்லை, க்ளிப்பைக் கழற்றுவதும் இல்லை. அந்த நாட்களில் எல்லாம் பழுப்புதான் வந்திருக்கிறது. "அந்த நாள்ல ஒடம்பு அசதில ஏதோ தப்பா அளந்துட்டேன்னு நெனச்சுக்குவேன் மேடம். என்னையே திட்டிக்குவேன்" என்றாள். வந்த நாட்களை மட்டும் எழுதி, வராத நாட்களைத் தன் கைப்பிசகு என்று விட்டிருக்கிறாள். ஐந்து வருடம் இதைப் பக்கத்தில் இருக்கும் யாரிடமும் வாய்விட்டுப் பேசவும் முடியாமல் இருந்திருக்கிறாள். இதைக் கேட்டபோது எனக்கு அவள்மேல் வந்தது இரக்கமா, அவளைத் தனியாக விட்ட எல்லோர்மேலும் வந்த கோபமா, சொல்லத் தெரியவில்லை.

இனி இதழுக்குத் திருத்தம் அனுப்பவேண்டும். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியருக்கு அதில் விருப்பமில்லை. "இப்ப எதுக்கும்மா? பட்டம் கைக்கு வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம். திருத்தம்னாலே தப்புன்னுதான் படிப்பாங்க" என்றார். நல்ல மனிதர்தான், அவளுக்காகத்தான் பயப்படுகிறார். ஷமீமா ஒரு இரவு யோசித்தாள். மறுநாள் காலையில் எழுதியே கொண்டுவந்துவிட்டாள். க்ளிப்பை எப்போது மாற்றுவது, மாற்றாவிட்டால் என்ன ஆகும், எந்த நாட்களின் பழுப்பைக் கணக்கில் எடுக்காமல் விட்டாள், எல்லாம் அதில் இருந்தது. "என்ன மாதிரி இன்னொரு பொண்ணு எங்கயாவது ஒக்காந்து, வரலியே வரலியேன்னு தன்னையே திட்டிக்கிட்டு இருந்தா?" என்றாள். பேராசிரியர் ஒரு தடவை பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பாஸிடம் நான் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உடனே சமாதானம் ஆகவில்லை. "இங்கே செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார். ஷமீமாவிடம் அதை எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அவளோ, "அதான் மேடம் சரி. நானும் வேணாம், நீங்களும் வேணாம். அவுங்களே செஞ்சு பாக்கட்டும்" என்றாள்.

நான் புறப்படும் நாளில் என்னை வழியனுப்பக் கடலூர் வரை வந்தாள். நேரம் இருந்ததால் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனோம். படகுகள் மணலில் ஏறிக் கிடந்தன. மீன்பிடித் தடைக்காலம், ஆண்கள் படகுகளுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பினாங்கிலும் கடற்கரைதான், ஆனால் அங்கே ஓட்டல்கள் கடலை மறைத்துக்கொண்டு நிற்கும். இங்கே கடல் மறைப்பில்லாமல் முழுசாகத் தெரிந்தது. வண்டியில் பொரித்த மீன் வாங்கி மணலில் உட்கார்ந்தோம்.

இதற்கு மேலும் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. "ஷமீமா, நான் கத்துக்க வரலம்மா" என்றேன்.

"தெரியும்."

"என்னது?"

"கத்துக்க வர்றவுங்க தொட்டியப் பாப்பாங்க. நீங்க என் கையவே பாத்துக்கிட்டு இருந்தீங்க." அவள் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தாள். "மொத நாளே தெரியும் மேடம்."

"தெரிஞ்சும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனியே!"

"வந்தவுங்கள என்னான்னு வேணாம்னு சொல்றது? அதுவும் இல்லாம அன்னிக்கு உங்களுக்குப் பழுப்பா வந்துச்சு பாருங்க, அப்ப எனக்கே என்மேல சந்தேகம் வந்துடுச்சு. கட்டுரைல இருக்குற மாதிரி செஞ்சா வரல. நான் செஞ்சா மட்டும் வருது. அப்ப நான் என்னமோ பண்றேன்தானே? என்ன பண்றேன்னு எனக்கே தெரியல. திருடாமயே திருடி மாதிரி இருந்துச்சு. ராத்திரி அம்மா பக்கத்துல படுத்துக்கிட்டு, நான்தான் பொய்யோன்னு நெனச்சேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இருவர் கையிலும் மீன் மசாலா.

அப்போதுதான் என் போன் ஒலித்தது. பினாங்கிலிருந்து ஒரு படம். எங்கள் ஆய்வகத்தின் குளிர்ந்த மேசை, கண்ணாடித் தொட்டி, அதன் பக்கவாட்டில் ஒரு காந்தம். உள்ளே கறுப்பாக ஒரு திரள், காந்தத்தை ஒட்டிக்கொண்டு. கீழே பாஸ் எழுதியிருந்தார்: "கடிதம் அனுப்பிவிட்டேன். எப்போது வருகிறாள் என்று கேள்."

போனை ஷமீமாவிடம் நீட்டினேன். அவள் விரலைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பாஸ் எழுதியிருந்ததை அவள் படித்ததாகவே தெரியவில்லை. படத்தை விரலால் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். காந்தத்தின் ஓரத்தில் திரண்டு நின்ற கறுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இத யாரு செஞ்சாங்க?"

"எங்க லேப்ல ஒரு சீனப் பொண்ணு. உன்ன அவளுக்குத் தெரியவே தெரியாது."

போனை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினாள். படகுக்குச் சாயம் அடித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் இல்லாமயே வந்துடுச்சு மேடம்" என்றாள். "நான் இல்லாமயே வந்துடுச்சு."